திருவேற்காட்டு ஆறு எப்போது தெளியும்?

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பொழுது விடிவதற்கு முன்பே திருவேற்காடு விழித்துக்கொள்கிறது.

மஞ்சள் புடவை கட்டிய பெண்கள் திரள் திரளாக வருகிறார்கள். கையில் வேப்பிலை. தலையில் பால் குடம். பஸ்சிலும் ஆட்டோவிலும் வேனிலும் கூட்டம் வந்து இறங்குகிறது. பூக்கடையில் சாமந்தி மலை போலக் குவிந்திருக்கிறது. எலுமிச்சம் பழ மாலை, கற்பூரம், தேங்காய் என்று வியாபாரம் அமளிப்படுகிறது. ஒலிபெருக்கியில் எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு முழங்குகிறது.

இத்தனை கோலாகலத்துக்கும் பக்கத்திலேயே ஓர் ஆறு இருக்கிறது. அதன் பெயர் கூவம். ஆனால், அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பவர் யாரும் இல்லை.

பாட்டியும் பேரனும்

அயனம்பாக்கத்திலிருந்து ஒரு பாட்டி, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் பையன் கேட்கிறான்:

"ஆயா! ஆத்துல போய் கால் நனைச்சிட்டு வரலாமா?"

"வேணாம்டா கண்ணு! அது சாக்கடையாப் போச்சு."

"நீ அதுல குளிச்சிருக்கியா?"

"நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல குளிச்சிருக்கேன். துணி தொவைச்சிருக்கேன். அப்போ அடியில கிடக்கிற மணலு தெரியும்."

"அப்புறம் யாரு ஆயா அழுக்காக்கினது?"

பாட்டி பதில் சொல்லவில்லை. பேரனுக்குப் பொரி வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றுகிறாள்.

இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படிப் பேச்சு நடந்திருக்கும். பையன் கேட்ட கேள்வி சின்னக் கேள்விதான். அதற்கு உரிய பதில் அவ்வளவு சின்னது அல்ல.

வேல மரக் காடு

திருவேற்காடு நேற்று முளைத்த ஊர் அல்ல. சுமார் 1,300 வருஷங்களுக்கு முன்பு வாழ்ந்த திருஞானசம்பந்தர் இந்த ஊர் ஈசனைப் பாடியிருக்கிறார். தொண்டை நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற 32 தலங்களில் இது ஒன்று. இங்குள்ள சிவபெருமானுக்கு வேதபுரீசுவரர் என்று பெயர்.

நான்கு வேதங்களும் வேல மரங்களாக நின்று இறைவனை வழிபட்டன என்பது தல புராணம். வேல மரங்கள் நிறைந்த காடு என்பதால் வேற்காடு ஆயிற்று. வெள்வேல மரம்தான் இன்றும் கோயிலின் தல மரம்.

ஊரைச் சுற்றி எட்டுத் திக்கிலும் எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. வள்ளிக்கொல்லைமேடு, நூம்பல், சென்னீர்குப்பம், பாரிவாக்கம், மேட்டுப்பாளையம், பருத்திப்பட்டு, சுந்தரசோழபுரம், சின்னக் கோலடி ஆகிய இடங்களில் அவை உள்ளன. அந்தக் காலத்தில் இந்த எட்டையும் சுற்றி வருவது காட்டையும் வயலையும் ஏரிக்கரையையும் சுற்றி வருவதாக இருந்தது. இன்று அதே வழியில் போனால் அடுக்கு மாடி வீடுகளையும் பட்டறைகளையும் கடைத் தெருக்களையும் சுற்றி வரலாம்.

சூதாடி அன்னமிட்ட நாயனார்

அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவரும் இந்த ஊரில் பிறந்தார். அவர் மூர்க்க நாயனார்.

சிவனடியார்களுக்கு வயிறார அன்னமிட்ட பிறகுதான் தான் சாப்பிடுவது என்பது அவருடைய விரதம். அன்னமிட்டு அன்னமிட்டுச் சொத்தெல்லாம் கரைந்தது. நிலம் போயிற்று. ஆள் அடிமைகளும் போயினர். அப்போதும் அவர் விரதத்தை விடவில்லை. தெரிந்த ஒரே வித்தை சூதாட்டம். அதில் இறங்கினார். ஊரில் எதிர்த்து ஆட ஆள் இல்லாமல் போகவே, ஊர் ஊராகப் போய்க் கும்பகோணம் வரை சென்று ஆடினார்.

ஜெயித்த பணத்தைத் தன் கையால் தொட மாட்டார். சமையல்காரரிடம் கொடுத்து அன்னம் சமைக்கச் சொல்வார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். இப்படிப் பெரிய புராணம் சொல்லுகிறது.

சூதாட்டம் நல்லதா, கெட்டதா என்பது வேறு விஷயம். வந்தவருக்கு முதலில் கொடுத்துத் தான் கடைசியில் உண்பது இந்த ஊரின் பழைய குணம். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பயன்படும்.

ஞாயிறு ஏன் விசேஷம்?

இன்று திருவேற்காடு என்றதும் நினைவுக்கு வருவது தேவி கருமாரியம்மன்தான். புற்றும் நாகமும் இந்த வழிபாட்டோடு சேர்ந்தவை. மஞ்சளும் வேப்பிலையும்தான் பிரசாதம்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே விசேஷம். அதற்கு ஒரு கதை சொல்வார்கள். அம்மன் குறி சொல்லும் கிழவியாக வேடம் போட்டுச் சூரியனிடம் போனாளாம். சூரியன் அலட்சியம் செய்தானாம். உடனே அவன் ஒளி மங்கிவிட்டதாம். பிறகு அவன் மன்னிப்புக் கேட்டு, தன் கிழமையாகிய ஞாயிற்றை அம்மனுக்கே கொடுத்துவிட்டானாம்.

கதையைக் கதையாகவே எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு புத்தி இருக்கிறது. ஏழைக் கிழவியாக வந்தவளை அலட்சியம் செய்தவன் ஒளி இழந்தான். தாழ்ந்து கிடப்பது எது என்று பார்த்து மதிக்க வேண்டும் என்பதுதான் அது. ஊர் ஆற்றுக்கும் அந்தப் புத்தி பொருந்தும்.

கூழும் பம்பையும்

ஆடி மாதத்தில் அயனம்பாக்கம், ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரம் முழுவதும் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்கிறார்கள். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய் சேர்த்துக் காய்ச்சுகிற கூழ் அது. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், முருங்கைக் கீரை, கருவாட்டுக் குழம்பு. பம்பையும் உடுக்கையும் முழங்கும். கரகம் வீதி சுற்றி வரும். நேர்ந்துகொண்டவர்கள் தீ மிதிப்பார்கள்.

கூழ் வார்க்கும்போது இன்னார், இனியார் என்று பார்ப்பது இல்லை. சொம்பு கொண்டு வந்தவருக்கெல்லாம் ஊற்றுவார்கள். மூர்க்க நாயனார் காலத்துக் குணம் இன்னும் போகவில்லை.

இந்தத் திருவிழாக்கள் எல்லாம் மழைக்கும் தண்ணீருக்கும் சேர்ந்தவை. மாரி என்றாலே மழை. வெயில் தணிந்து, நோய் நொடி போய், ஏரி நிரம்ப வேண்டும் என்பதுதான் ஆடி மாத வேண்டுதல். அம்மனிடம் மழையைக் கேட்கிறார்கள். பெய்த மழையை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் இன்றைய பிரச்சினை.

கூவம் எங்கே பிறக்கிறது?

கூவம் சென்னைச் சாக்கடை என்று நினைப்பவர்கள் ஏராளம். அது தவறு. திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்றே ஒரு கிராமம் இருக்கிறது. அந்த ஊர் ஏரியின் உபரி நீரிலிருந்து ஆறு தொடங்குகிறது. அங்கும் பாடல் பெற்ற சிவன் கோயில் ஒன்று உண்டு. திருவிற்கோலம் என்பது அதன் பழைய பெயர். கேசவரம் அணைக்கட்டு வழியாகக் கொசஸ்தலை ஆற்று வெள்ளமும் கூவத்துக்கு வந்து சேர வழி இருக்கிறது.

சுமார் 70 கிலோ மீட்டர் ஓடி, சென்னையில் நேப்பியர் பாலத்துக்கு அருகே கடலில் கலக்கிறது கூவம். அந்தப் பாலம் 1869-ல் கட்டப்பட்டது.

வழியெல்லாம் இந்த ஆறு ஊர்களை வளர்த்திருக்கிறது. மேலே வயல்களுக்குப் பாய்ந்தது. கீழே சென்னையில் 1734-ல் நெசவாளர்களுக்காகச் சிந்தாதிரிப்பேட்டை உண்டாக்கப்பட்டபோது, அதற்கு இடம் தேர்ந்தெடுத்தது கூவத்தின் வளைவில்தான். கோமளீசுவரன்பேட்டையில் வள்ளல் பச்சையப்ப முதலியார் இந்த ஆற்றில் நீராடிக் கோயிலுக்குப் போனார் என்றும் சொல்லப்படுகிறது.

அப்படிப்பட்ட ஆறு ஏன் கெட்டது? நாலு காரணங்கள் உண்டு.

முதல் காரணம்: தண்ணீர் மேலேயே நின்றுவிடுகிறது

சென்னைக்குக் குடிதண்ணீர் வேண்டும். அதற்காகக் கூவத்தின் மேல் பகுதியில் ஜமீன் கொரட்டூர் என்ற இடத்தில் அணைக்கட்டு இருக்கிறது. அங்கிருந்து பங்காரு கால்வாய் வழியாக ஆற்று நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. செம்பரம்பாக்கம் பெரிய ஏரி. அதன் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி.

இதைக் குற்றம் சொல்ல முடியாது. பல லட்சம் வீடுகளின் குடத்தை நிரப்புகிற காரியம் அது. ஆனால் அதன் விளைவு என்ன? மழைக் காலம் போக, மற்ற மாதங்களில் நல்ல தண்ணீர் கீழே வருவது இல்லை. ஆற்றுப் படுகை மட்டும் காலியாகக் கிடக்கிறது. காலியான படுகையில் எது வந்து விழுகிறதோ, அதுவே ஆறு ஆகிவிடுகிறது.

இரண்டாவது காரணம்: வீடு முன்னே, சாக்கடை பின்னே

1955-ல் ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு நடந்தது. அப்போது இந்த வட்டாரம் ஏரியும் வயலுமாக இருந்தது. பிறகு ஆவடியில் ராணுவ டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. வேலை தேடி ஜனங்கள் வந்தார்கள். வாடகை குறைந்த இடம் தேடி மேற்கே மேற்கே நகர்ந்தார்கள்.

2011-ம் வருஷக் கணக்குப்படி திருவேற்காடு நகராட்சியின் ஜனத்தொகை 62 ஆயிரத்துக்கும் அதிகம். அதே வருஷம் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. 2019-ல் ஆவடியே ஒரு மாநகராட்சி ஆயிற்று. பூவிருந்தவல்லி வரை மெட்ரோ ரயில் பாதையும் போடப்பட்டது. வானகரம் – அம்பத்தூர் சாலையில் வயல் இருந்த இடங்களில் மாடி வீடுகள் நிற்கின்றன.

வீடு கட்டுவது ஆறு மாத வேலை. பாதாளச் சாக்கடை போடுவது பல வருஷ வேலை. வீடுகள் முந்திக்கொண்டன. சாக்கடை பின்தங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு கழிவு நீர்த் தொட்டி. அது நிரம்பினால் லாரியைக் கூப்பிடுவார்கள். லாரிக்காரர் எடுத்துப் போகிறார். எங்கே கொண்டு போய் விடுகிறார்? சுத்திகரிப்பு நிலையம் தூரத்தில் இருக்கிறது. ஆறும் கால்வாயும் பக்கத்தில் இருக்கின்றன. இருட்டில் நடப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

லாரிக்காரரை மட்டும் திட்டிப் பயன் இல்லை. "எங்கேயாவது கொண்டு போ, என் வீட்டில் நாறாமல் இருந்தால் போதும்" என்று பணம் கொடுப்பவருக்கும் அதில் பங்கு உண்டு.

மூன்றாவது காரணம்: ஏரிச் சங்கிலி அறுந்தது

பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லா என்றே சொல்வார்கள். பெரிய ஆறுகள் இல்லாத நாட்டில், மழையை ஏரியில் பிடித்து வைத்து வாழ்ந்தார்கள் முன்னோர். ஓர் ஏரி நிரம்பினால், கலங்கல் வழியாக வழிந்து, கால்வாயில் ஓடி, அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கு அடுத்தது. கடைசியில் மிஞ்சுவது ஆற்றுக்கு.

உத்திரமேரூரில் சுமார் 1,100 வருஷங்களுக்கு முன் பராந்தக சோழன் காலத்தில் பொறித்த கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏரியைக் கவனிக்கவென்றே "ஏரி வாரியம்" என்ற சபையைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவை சொல்கின்றன. ஏரிக்கு அவ்வளவு மதிப்பு. மதகைத் திறப்பதற்கு ஆள் உண்டு. தூர் வாருவதற்கு முறை உண்டு.

வயல் போனதும் அந்த முறையும் போய்விட்டது. பாசனம் இல்லாத ஏரிக்குக் காவல் யார்? வரத்துக் கால்வாய் தெருவாயிற்று. கலங்கலுக்குக் கீழே வீடு வந்தது. ஏரியின் ஓரம் குப்பை மேடாயிற்று. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போதும், தண்ணீர் தன் வழியைத் தெரியாமல் தெருவுக்குள் நுழைகிறது.

நான்காவது காரணம்: கடல் வாசல் அடைபட்டது

சென்னைத் துறைமுகம் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் கட்டப்பட்ட பிறகு, அதன் தெற்கே மணல் சேர ஆரம்பித்தது. மெரினா கடற்கரை அகன்றது. அதே மணல் கூவத்தின் வாயையும் அடைத்தது. ஆற்றில் வேகமாக நீர் வந்தால் மணலை வெட்டித் தள்ளும். நீரே வராத மாதங்களில் மணல் ஜெயித்துவிடுகிறது. கழிவு வெளியேற வழி இல்லாமல் ஆற்றிலேயே தேங்குகிறது.

மேலே வரவு இல்லை. நடுவில் அழுக்குச் சேர்கிறது. கீழே வாசல் அடைப்பு. எந்த ஆறுதான் தாங்கும்?

வறட்சியும் வெள்ளமும்

இதனால் யாருக்கு நஷ்டம்? "நாற்றம்தானே, பழகிவிட்டது" என்று சிலர் சொல்லலாம். நஷ்டம் நாற்றத்தோடு நிற்கவில்லை.

2015 டிசம்பரில் பெரு மழை கொட்டியது. அடையாற்று வெள்ளம் பெரிதாகப் பேசப்பட்டது. கூவமும் கரை கடந்தது. ஆற்றோரத்துக் குடும்பங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடின. அழுக்கு ஆற்றின் வெள்ளம் மற்ற வெள்ளத்தை விடக் கொடியது. தண்ணீர் வடிந்தாலும் சேறும் நோயும் வீட்டுக்குள் தங்கிவிடும்.

நாலே வருஷம் போயிற்று. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் அடி மண் தெரிய வறண்டன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்த ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தபோது ஜனங்கள் ஆச்சரியத்தோடு பார்த்தார்கள்.

ஆண்டுக்குச் சுமார் 140 சென்டி மீட்டர் மழை பெய்கிற ஊர் சென்னை. அதில் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டிவிடுகிறது. அந்தச் சில வாரங்களில் பிடித்து வைத்தால் குடிதண்ணீர். பிடிக்கத் தவறினால் வெள்ளம். வெள்ளமும் வறட்சியும் இரண்டு பிரச்சினைகள் அல்ல. ஒரே பிரச்சினையின் இரண்டு முகங்கள்.

அயனம்பாக்கம் ஏரியின் அருமை

இந்த இடத்தில்தான் அயனம்பாக்கம் ஏரியின் அருமை தெரிகிறது.

பாக்கம் என்பது கடற்கரை ஊருக்குப் பழைய தமிழ் வழங்கிய பெயர். தொண்டை நாட்டில் ஏரிக்கரை ஊர்களும் பாக்கம் ஆயின. அயனம்பாக்கத்துக்கு அந்தப் பெயர் இன்றும் பொருந்துகிறது. காரணம், அதன் ஏரி இன்னும் உயிரோடு இருக்கிறது. சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட்ட பிறகும், ஒரு நல்ல மழைக்குப் பின் போனால் அகன்ற நீர்ப் பரப்பைப் பார்க்கலாம். காலையில் கரையில் நடக்கிறார்கள். நீரில் பறவைகள் இறங்குகின்றன.

ஏரியில் நிற்கும் நீர் கண்ணுக்கு அழகு மட்டும் அல்ல. அது மண்ணுக்குள் இறங்குகிறது. சுற்று வட்டாரத்துக் கிணற்றிலும் ஆழ்துளைக் குழாயிலும் ஊறுகிறது. 2019 வறட்சிக்குப் பிறகு, நகரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளின் நீரைச் சுத்திகரித்துக் குடிக்கக் கொடுக்கலாம் என்ற யோசனை வலுத்தது. ரெட்டேரியோடு அயனம்பாக்கம் ஏரியின் பெயரும் அதில் அடிபட்டது. ஒரு காலத்தில் நெல்லுக்குப் பாய்ந்த ஏரி, இனிக் குழாய்க்குப் பாயலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஏரிக்குள் கழிவு நீர் போகக் கூடாது. அடுத்த ஏரியான கோலடியில் ஆக்கிரமிப்பு வழக்கு வரைக்கும் போய்விட்டது. ஏரிகளைக் காக்க 2007-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. ஏரிக்கரையில் எல்லைக் கல் இருக்க வேண்டும்.

வந்த திட்டங்கள்

கூவத்தைச் சுத்தம் செய்யத் திட்டம் போடாத சர்க்கார் இல்லை. 1960-களின் கடைசியில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. கரைகள் கட்டினார்கள். படகுத் துறைகள் கட்டினார்கள். 1970-களில் படகும் விட்டார்கள். நாற்றம் தாங்காமல் படகு நின்றது. துறைகள் மட்டும் சாட்சியாக மிஞ்சின.

2015-ல் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை மூலம் இன்னொரு திட்டத்துக்குச் சுமார் 604 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பருத்திப்பட்டுத் தடுப்பணையிலிருந்து கடல் வரை 32 கிலோ மீட்டர் தூரத்தைச் சீர் செய்வது என்று முடிவாயிற்று.

பருத்திப்பட்டு என்ற பெயரைக் கவனிக்க வேண்டும். திருவேற்காட்டைச் சுற்றியுள்ள எட்டு லிங்கங்களில் ஒன்று இருக்கும் ஊர் அது. அதற்கு மேலே கூவம் ஓரளவு நல்ல ஆறு. அதற்குக் கீழேதான் அழுக்கு ஏறுகிறது. ஆறு உயிரை இழக்கத் தொடங்குவது திருவேற்காட்டின் வாசலில்! ஆகவே ஆற்றைக் காப்பாற்றும் வேலையும் இங்கேதான் தொடங்க வேண்டும். கடலோரத்தில் எவ்வளவு தூர் வாரினாலும், மேலே அழுக்கு விழுந்துகொண்டே இருந்தால், அது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பதுதான்.

லண்டனும் சிங்கப்பூரும்

"கெட்ட ஆறு மீளுமா?" என்று கேட்பவர்களுக்கு உலகம் பதில் சொல்லுகிறது.

1858 கோடையில் லண்டன் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் பார்லிமெண்டு நடத்துவதே பெரும்பாடாயிற்று. உடனே பாசல்ஜெட் என்ற பொறியாளரைக் கொண்டு நகரம் முழுவதும் பெரிய சாக்கடைகள் கட்டினார்கள். அதன் பிறகும் கவனக் குறைவு. 1957-ல் தேம்சில் உயிரே இல்லை என்று விஞ்ஞானிகள் கை விரித்தார்கள். பிறகு கழிவு நீரைச் சுத்திகரித்து விடுவதில் கண்டிப்புக் காட்டினார்கள். இன்று தேம்சில் மீன்கள் நீந்துகின்றன.

தமிழர்கள் அதிகம் வாழும் சிங்கப்பூரிலும் நடந்தது இதுதான். 1977-ல் பிரதமர் லீ குவான் யூ, பத்து வருஷத்தில் சிங்கப்பூர் ஆறு சுத்தமாக வேண்டும் என்று கெடு வைத்தார். கரையில் இருந்த குடிசைகளுக்கு வேறு வீடு. தெருக் கடைகளுக்கு வேறு இடம். ஒவ்வொரு கழிவுக் குழாயும் ஆற்றிலிருந்து திருப்பப்பட்டது. 1987-ல் வேலை முடிந்தது. 2008-ல் ஆற்று முகத்தில் அணை கட்டினார்கள். நாறிக் கிடந்த ஆறு இன்று குடிநீர் நீர்த்தேக்கத்தில் சேருகிறது!

இரண்டு ஊரிலும் முதலில் செய்தது அழுக்கு விழுவதை நிறுத்தியதுதான். பூங்காவும் படகும் அப்புறம்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, ஆற்றோரத்து நகராட்சிகளில் பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் முழுமையாக வேண்டும். அதுவரை, கழிவு லாரிகள் இறக்குவதற்குப் பக்கத்திலேயே இடம் வேண்டும். பக்கத்தில் இடம் கொடுத்த பிறகு, ஆற்றில் விடுகிறவருக்குத் தண்டனை கொடுப்பதுதான் நியாயம்.

இரண்டாவது, சுத்திகரித்த நீரை வீணாக்காமல் ஆற்றில் விடலாம். குடிநீரை எடுத்துக்கொண்டதற்கு ஈடாக ஆற்றுக்கு அந்த நீர். படுகை காலியாகக் கிடக்காது.

மூன்றாவது, ஏரிகளையும் கால்வாய்களையும் அளந்து, கல் நட்டு, ஒன்றோடு ஒன்று மறுபடி இணைக்க வேண்டும்.

நான்காவது, கரையோரத்து ஏழைகளின் கதி. கூவத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தூரத்து இடங்களுக்கு அனுப்பப்பட்டன. வீடு கிடைத்தது. ஆனால் வேலைக்குப் போகவும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவும் பெரும்பாடு. ஆற்றை அதிகம் கெடுத்தது குடிசைகள் அல்ல. நகரம் முழுவதும் அனுப்புகிற கழிவு. சுத்தம் செய்கிற பாரம் ஏழைகள் தலையில் மட்டும் விழக் கூடாது. மாற்று வீடு கொடுத்தால், பிழைப்பு நடக்கிற தூரத்தில் கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, கோயிலுக்கு வருகிறவர்களும் கொஞ்சம் செய்யலாம். மாலை, பிளாஸ்டிக் பை, கற்பூர டப்பா, சாப்பிட்ட தட்டு ஆகியவை தண்ணீரில் போடுகிற பொருள்கள் அல்ல. வேல மரக் காடு என்று பெயர் எடுத்த ஊரில், ஆற்றங்கரையில் பத்து வேல மரம் வளர்ப்பதும் ஒரு வேண்டுதல்தான்.

கடைசிப் பந்தி

மூர்க்க நாயனார் எல்லோருக்கும் இலை போட்ட பிறகு கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். கூவமும் அப்படித்தான். வயலுக்குக் கொடுத்தது. நெசவாளருக்குக் கொடுத்தது. சென்னையின் குடத்துக்கு இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகு கடைசிப் பந்தியில் அது உட்காருகிறது. அதன் இலையில் விழுவதோ எச்சில்!

நாயனாருக்குக் கடைசியில் கிடைத்தது சாப்பாடு. ஆற்றுக்கும் கடைசியில் கொஞ்சம் நல்ல தண்ணீராவது கிடைக்க வேண்டாமா?

"யாரு ஆயா அழுக்காக்கினது?" என்று கேட்டான் பேரன். "எல்லோரும்தான்" என்பதுதான் உண்மையான பதில். எல்லோரும் சேர்ந்து கெடுத்ததை, எல்லோரும் சேர்ந்தால் திருத்தலாம். அந்தப் பையன் ஒரு நாள் தன் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடி ஞாயிற்றில் இதே வழியாக வருவான். அன்று அந்தப் பிள்ளை, "ஆத்துல கால் நனைக்கலாமா?" என்று கேட்டால், "வாடா கண்ணு, போகலாம்" என்று சொல்லும்படி இருக்க வேண்டும்.